தாஃபினாவின் அடுத்த புத்தகம்

எங்கள் துர்லோவோவில் ஒரு காரியம் நடக்கவே நடக்காது என்று சொல்ல வேண்டுமானால், 'தாஃபினாவின் அடுத்த புத்தகம்' என்போம். பக்கத்து வீட்டுக்காரன் இரவல் வாங்கிப் போன ஏணி எப்போது திரும்பி வரும்? தாஃபினாவின் அடுத்த புத்தகம். என் மச்சான் சிகரெட்டை எப்போது விடுவான்? அதுவும் தாஃபினாவின் அடுத்த புத்தகம்தான். நாலு வயதுக் குழந்தைக்குக்கூட இது புரியும். பேக்கரியில் ரொட்டி சுடும் தாஃபினாவுக்கும் தெரியும். சில சமயம் அவளே சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், படிப்பகத்திலிருந்து வந்தது. பல்கேரியாவில் பள்ளிக்கூடம் மூடிய ஊர் உண்டு, கோயில் பூட்டிக் கிடக்கும் ஊர் உண்டு. படிப்பகம் இல்லாத ஊரை மட்டும் நாங்கள் ஊர்க் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் படிப்பகத்துக்கு எதிரில்தான் என் மளிகைக்கடை. என் பெயர் மிதோ. தராசில் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பாத ஆள். ஆகவே நான் சொல்வதில் கூட்டல் குறைச்சல் இருக்காது, இருந்தாலும் கொசுறு அளவுக்குத்தான் இருக்கும்.

குளிர்காலம் பிறந்துவிட்டால் வியாழக்கிழமை சாயங்காலம் படிப்பகத்து இரும்பு அடுப்பைச் சுற்றிக் கூடுவோம். வருகிறவர்கள் ஆளுக்கொரு விறகு கொண்டுவர வேண்டும், அதுதான் நுழைவுச் சீட்டு. ஒவ்வொருவராக விறகைக் கையில் பிடித்தபடி எழுந்து நிற்க, படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் எவ்தோகியா டீச்சர் இரண்டே கேள்வி கேட்பார். "கையில என்ன? வரிசையில என்ன?" இப்போது எதைப் படித்துக்கொண்டிருக்கிறாய், அடுத்து எதைப் படிக்கப் போகிறாய் என்று பொருள். பதில் சொல்லி, பிடித்ததா பிடிக்கவில்லையா என்று நாலு வார்த்தை பேசி, விறகை அடுப்பில் போட்டுவிட்டு உட்கார வேண்டும். அந்த வாரம் ஒன்றும் படிக்காதவன் இரண்டு விறகு தர வேண்டும். பல வாரம் என் புண்ணியத்தில்தான் அந்த அறை சூடாக இருந்தது.

இதில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. விறகு கையில் இருக்கும்போது சொன்ன சொல் சொல்லாக நிற்கும். அடுப்பில் போட்ட பிறகு பேசுவது வெறும் பேச்சு, அதை யாரும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். என் அப்பா காலத்தில் ஒருவர் விறகைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் புத்தகம் முடிஞ்சா குடியை விட்டுடறேன்" என்று வாய்விட்டுவிட்டார். புத்தகமோ மெல்லியது. பாவம் மனுஷன், சாகும்வரை மோர் குடித்தே காலத்தை ஓட்டினார்.

தாஃபினாவுக்கு ஐம்பது கடந்துவிட்டது. ஆள் குட்டை, குரல் மட்டும் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கும். மாவு பிசைந்து மூடி வைத்தபின் அது பொங்கி வரும் நேரம் இருக்கிறதே, அதுதான் அவள் படிக்கும் நேரம். படிப்பகத்துப் புத்தகம் எதைத் திறந்தாலும் ஓரத்தில் வெள்ளை விரல் ரேகை தெரிந்தால் தாஃபினா அதைப் படித்து முடித்துவிட்டாள் என்று அர்த்தம். துப்பறியும் கதை, கடல் பயணம், ராஜாக்களின் வரலாறு, எல்லாம் படிப்பாள். ஒருமுறை தேனீ வளர்ப்பு பற்றிய புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தாள். அவளிடம் ஒரு தேனீகூடக் கிடையாது.

ஆக, அவள் கையில் இருப்பது வாராவாரம் மாறும். வரிசையில் இருப்பது மட்டும் மாறவே மாறாது. "வரிசையில என்ன, தாஃபினா?" "உப்பு வண்டிகள், டீச்சர்." இரண்டு பாகம், ஒவ்வொன்றும் செங்கல் கனம். ஊரிலிருந்த காய்கறி பதப்படுத்தும் ஆலையை மூடியபோது அங்கிருந்த நூலகத்தை ஆளாளுக்குப் பங்கு போட்டார்கள். அப்போது அவள் எடுத்து வந்தது. முதல் பாகம் கண்ணாடி அலமாரியில் சீனக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. இரண்டாம் பாகம் தொலைக்காட்சி மேசையின் உடைந்த காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"ஏன்மா, அதை எடுத்துப் படிச்சுத்தான் தொலையேன்" என்று ஒருநாள் கடையில் அவளிடம் கேட்டேன். ஈஸ்ட் வாங்க வந்திருந்தாள்.

"படிச்சு முடிச்சுட்டா அப்புறம் வரிசையில என்ன இருக்கும், மிதோ அண்ணே?" என்றாள். "காலையில எந்திரிச்சு அந்த அலமாரியைப் பார்க்கிறப்போ, நமக்குன்னு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குன்னு ஒரு தெம்பு. அதைப் போய்க் கெடுத்துக்கணுமா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க அது மனதில் கிடந்தது. எனக்கென்று அப்படிப் பாக்கி வைத்திருப்பது என்ன என்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

இனிப் பாலத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடும் ஆற்றுக்கு லூதா என்று பெயர். எங்கள் மொழியில் பைத்தியக்காரி என்று அர்த்தம், பெயர் வைத்தவன் தெரிந்துதான் வைத்திருக்கிறான். கோடையில் கணுக்கால் நனையாமல் தாண்டலாம். பனி உருகினால் மரத்தை வேரோடு பிடுங்கும். சில வருஷம் முன்பு நடைபாலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. அக்கரையில் இருக்கும் வீடுகள் அன்றிலிருந்து தனித்தீவு. தாஃபினாவின் வீடும் அங்கேதான். பேக்கரி இக்கரையில். தண்ணீர் ஏறிவிட்டால் நெடுஞ்சாலைப் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு, இருட்டோடு கிளம்பி ஒரு மணி நேரம் நடந்து வருவாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் அதே நடைதான்.

எங்கள் ஊர்த் தலைவர் வெலிச்கோ கெட்டவர் இல்லை. சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார், கல்யாண வீட்டில் கடைசி ஆளாகக் கிளம்புவார். பேச்சு தேன். ஆனால் எழுந்து நகரசபைக்குப் போய் ஒரு காரியத்தை முடித்து வா என்றால் மட்டும் உடம்பு வணங்காது. பாலம் என்னாச்சு என்று கேட்டால், "காகிதம் நகர்ந்துகிட்டிருக்கு" என்பார். எங்கே நகர்ந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அவருக்கும் தெரியாது, காகிதத்துக்கும் தெரியாது.

அந்த வருஷம் நவம்பர் மாதத்தில் ஊர்க்கூட்டமும் வியாழக்கிழமையும் ஒன்றாக வந்தன. தலைவர் அலுவலகத்தில் கணப்பு கெட்டுப்போயிருந்ததால் கூட்டத்தைப் படிப்பகத்திலேயே வைத்துக்கொண்டோம். எல்லாரையும் போலத் தலைவரும் ஒரு விறகோடு வந்தார். தாஃபினா கடைசியாக வந்தாள். சுற்று வழியில் மழையில் மாட்டி, முழங்கால் வரை சேறு.

"தலைவரே, பிள்ளைங்க இந்தச் சேத்துலதான் பள்ளிக்கூடம் போகுதுங்க" என்றாள். "காகிதம் நகருது நகருதுன்னு சொல்லாதீங்க. எந்த வருஷம் பாலம் வரும்? அதைச் சொல்லுங்க."

வெலிச்கோ விறகோடு எழுந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குக் குஷி வந்துவிடும், அது அவருடைய வியாதி. "எந்த வருஷமா? சொல்றேன் கேட்டுக்க, தாஃபினா. நீ உன்னோட அடுத்த புத்தகத்தைப் படிச்சு முடிக்கிற வருஷம் உனக்குப் பாலம்!"

அறையே அதிர்ந்தது. நானும் சிரித்தேன், எதற்கு மறைக்க வேண்டும், நல்ல கிண்டல்தான். எவ்தோகியா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "தலைவரே, விறகு கையில இருக்கு" என்றார்.

சிரிப்பு பாதியில் நின்றது. தலைவர் தன் கையைப் பார்த்தார். பிறகு தாஃபினாவைப் பார்த்தார். "இருக்கட்டுமே டீச்சர்! இருந்தா என்ன இப்போ?" என்று இன்னும் பலமாகச் சிரித்து விறகை அடுப்பில் எறிந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது அன்று எங்கள் அடுப்பங்கரையிலேயே நடந்தது. தாஃபினாவும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள். காது மடல் மட்டும் சுட்ட மிளகாய் நிறத்தில் சிவந்திருந்தது.

மறுநாள் காலையில் அவள் புருஷன் கான்சோ கடைக்கு வந்தான். "மிதோ அண்ணே, ஒரு செங்கல் இருக்குமா?"

"செங்கல்லா? வீடு கட்டறியா?"

"டிவி சாஞ்சுபோச்சு. நேத்து வந்ததும் வராததுமா என் பொண்டாட்டி மேசைக்கு அடியில இருந்து புத்தகத்தை உருவிட்டா. பந்து ஆடறவன் எல்லாம் மலை ஏறுற மாதிரி தெரியறான். கழுத்தைச் சாச்சுக்கிட்டே பார்த்து இந்தப் பக்கம் சுளுக்கிருச்சு. கேட்டா, 'பாலம் வேணுமா பந்து வேணுமா'ன்னு கேக்கிறா."

செங்கல் கொடுத்தேன். மனசுக்குள் எனக்கு ஏதோ குறுகுறுத்தது.

அடுத்த வியாழன் யாரும் தவறவில்லை. தாஃபினா விறகோடு எழுந்தாள்.

"கையில என்ன?" என்றார் டீச்சர்.

"உப்பு வண்டிகள்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார். "வரிசையில என்ன?"

"பாலம்" என்று சொல்லி, விறகை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள் தாஃபினா.

அன்று கைதட்டினோம். ஆனால் கைதட்டினால் பக்கம் புரளாது. முதல் மாதம் அவள் பட்ட பாடு இருக்கிறதே! வாராவாரம் வந்து உள்ளதை உள்ளபடி சொல்வாள். "நூத்தம்பது பக்கம் ஆச்சு, டீச்சர். வண்டி இன்னும் கிளம்பல. மாட்டுக்குத் தீனி வைக்கிறான், வைக்கிறான், வச்சுக்கிட்டே இருக்கான். இவ்வளவு தின்னா மாடு எப்படி நடக்கும்?" கூட்டம் சிரிக்கும். வெலிச்கோ எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பார். "அவசரம் இல்ல தாஃபினா, மெதுவா, மெதுவா" என்பார். அந்த அக்கறையைப் பார்க்கும்போது, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் எனக்கு நினைவுக்கு வரும்.

"நடுவுல பத்துப் பதினஞ்சு பக்கத்தைத் தாண்டிப் போயேன்மா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன் ஒருநாள்.

ஈஸ்ட் பொட்டலத்தை மேசை மேல் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பாதி வெந்த ரொட்டியை நான் உங்களுக்கு வித்தா, தெரியாமலா போயிடும்?"

கிறிஸ்துமஸும் புது வருஷமும் நெருங்கியதும் நிலைமை மோசமானது. வீட்டுக்கு வீடு வெண்ணெய்க்கட்டி வைத்துச் சுடும் பனித்சா வேண்டும், பண்டிகை ரொட்டி வேண்டும். பேக்கரி அடுப்பு அணையவில்லை. மாவு பொங்கும் நேரத்தில் அடுத்த மாவைப் பிசைய வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போனால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாளாம், மடியில் புத்தகம் அதே பக்கத்தில் திறந்திருக்குமாம். ஒரு நாள் கடைக்கு வந்தவள் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"விட்டுடலாம்னு பார்க்கிறேன், அண்ணே" என்றாள். "முதல் பாகமே பாதி தாண்டல. நான் தோத்தா எனக்கு ஒண்ணும் இல்ல, இத்தனை வருஷம் சிரிச்சவங்க இன்னும் கொஞ்சம் சிரிப்பாங்க. ஆனா பாலம்? இனிமே யார் கேட்டாலும் அவர் என்னைக் காட்டியே வாயை அடைச்சுடுவாரு."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, எங்கள் மேலேயே. அவள் எங்களுக்காகப் படிக்கிறாள், நாங்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து எத்தனை பக்கம் எத்தனை பக்கம் என்று வேடிக்கை பார்க்கிறோம். கடையைப் பூட்டிவிட்டு நேராக எவ்தோகியா டீச்சரிடம் போனேன். தாஃபினாவுக்குப் பதில் வேறு யாரும் படிக்க முடியாது, அது சரி. ஆனால் மாவை யார் வேண்டுமானாலும் பிசையலாமே?

மறுநாளிலிருந்து ஆளுக்கொரு முறை வைத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனோம். தாஃபினாவை மாவு மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நாங்கள் பிசைந்தோம். டீச்சர் பிசைந்தார், கான்சோ பிசைந்தான், நானும் பிசைந்தேன். அந்தக் குளிர்காலத்தில் துர்லோவோ தின்ற ரொட்டியை அடுக்கியிருந்தால் பாலத்துக்கு ஒரு தூண் எழுந்திருக்கும். நான் சுட்ட ரொட்டியைக் கீழே போட்டால் நாய்கூட முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. ஆனால் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. சூப்பில் ஊறவைத்துத் தின்றோம்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். உப்பு வண்டியும் நகர்ந்தது. நகர்ந்த பிறகு, அடேயப்பா, அதை யார் நிறுத்துவது?

கதை இதுதான். கடலோரத்திலிருந்து மலைக்கு உப்பு ஏற்றிப் போகும் குடும்பம். அப்பன் செத்ததும் அண்ணன் மானோலுக்கும் தங்கை கலினாவுக்கும் சண்டை. வண்டிக்கு முன்னால் நடக்கும் முதல் மாடு யாருக்கு என்பதில் ஆரம்பித்த சண்டை, வண்டிகள் பிரிந்து, பேச்சு அறுந்து, முப்பது வருஷம் ஆகிவிட்டது. அவன் ஒரு பாதை, அவள் ஒரு பாதை. தாஃபினா அந்த வாரம் படித்ததை அந்த வியாழனில் சொன்னாள். மாடு பெருமூச்சு விடுவது முதற்கொண்டு செய்து காட்டினாள். பனியில் கலினாவின் வண்டியை ஓநாய்கள் சூழ்ந்த வாரம், அடுத்த வியாழன் வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மதுக்கடை காலியானது. கடைசியில் கடைக்காரனும் பூட்டிவிட்டு விறகோடு வந்துவிட்டான். வந்து குவிந்த விறகில் அடுப்பு சிவந்து, ஜனவரிக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்தோம்.

வெலிச்கோ முதலில் வேவு பார்க்கத்தான் வந்தார். பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருப்பார். அப்புறம் நடுவரிசை. பிப்ரவரியில் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. மானோல் தன் தங்கையின் ஊர் வழியாகவே போயும் இறங்காமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போன வாரம், தலைவர் துள்ளி எழுந்துவிட்டார். "அடப்பாவி! ஒரு வார்த்தை பேசினா வாயில இருக்கிற முத்தா உதிர்ந்திடும்?"

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். தலைவர் இருமியபடி உட்கார்ந்தார்.

மார்ச் கடைசியில் பனி உருகி லூதா பேயாட்டம் ஆடியது. அந்த வியாழன் தாஃபினா சுற்று வழியாக நடந்து வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"கையில என்ன?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். முடிச்சுட்டேன்."

கூரை பிய்த்துக்கொள்ளும் அளவுக்குக் கத்தினோம். கான்சோ அழுதுவிட்டான். "சொல்லு! சொல்லு!" என்று கூட்டம் குதித்தது. விறகைக் கையில் பிடித்தபடியே அவள் சொல்லத் தொடங்கினாள். மானோலுக்கு வயதாகிவிட்டது. தங்கையைப் பார்க்காமல் சாகக்கூடாது என்று கிளம்புகிறான். அதே வாரம் கலினாவும் அண்ணனைத் தேடிக் கிளம்புகிறாள். ஒருவருக்கொருவர் தெரியாது. நடுவில் ஒரு ஆறு, பெருவெள்ளம், ஓடக் கயிறு அறுந்து கிடக்கிறது. இந்தக் கரையில் அண்ணன், அந்தக் கரையில் தங்கை. அவன் கையைத் தூக்குகிறான். அவளும் தூக்குகிறாள்.

தாஃபினா நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றார் வெலிச்கோ.

"அப்புறம் இருக்கிறது ஒரே ஒரு அத்தியாயம், தலைவரே. அதைப் பாலத்து மேல நின்னு சொல்றேன்."

உடனே எழுந்த கூச்சலில் யார் என்ன சொன்னார்கள் என்றே புரியவில்லை. தலைவர்தான் எல்லாரையும் அடக்கினார். முகம் சிவந்திருந்தது. "இது அநியாயம்! நீ முடிச்சேங்கிறதுக்கு என்ன சாட்சி?"

"பாலத்தைப் போட்டுட்டுக் கேளுங்க. நான் சொன்னது பொய்னா அந்தப் பாலத்துல இருந்தே என்னை ஆத்துல தள்ளிடுங்க" என்றாள் தாஃபினா. "விறகைப் பிடிச்சுக்கிட்டு நீங்க சொன்னீங்க. நானும் பிடிச்சுக்கிட்டுத்தான் சொல்றேன்." சொல்லிவிட்டு, விறகை அடுப்பில் போடாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். எங்கள் படிப்பகத்தில் ஒரு விறகு திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை.

தலைவர் குறுக்கு வழி தேடாமல் இல்லை. நகரத்து நூலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அங்கே முதல் பாகம் மட்டும் இருந்தது. கான்சோவுக்கு ஒரு புட்டி ரக்கியா சாராயம் வாங்கிக் கொடுத்து இரண்டாம் பாகத்தைத் தேடச் சொன்னார். கான்சோ ரக்கியாவைக் குடித்துவிட்டு உண்மையாகவே தேடியிருக்கிறான், அவனுக்கும் முடிவு தெரியாதே. "வீட்டுல தேடாத இடம் இல்ல, அண்ணே. மேசைக்கு அடியில இருந்த செங்கல்லைக்கூட எடுத்துப் பார்த்துட்டேன். டிவி கவுந்ததுதான் மிச்சம்" என்றான். புத்தகம் பேக்கரியில் கோதுமை மாவு மூட்டைக்குள் இருந்தது. எனக்குத் தெரியும். நான் சொல்வேனா?

கடைசியில் வேறு வழியில்லாமல் வெலிச்கோ தன் வேலையைச் செய்தார். விடிந்தால் முதல் பேருந்தில் நகரசபைக்குப் போவார். ஆட்டுப்பால் வெண்ணெய்க்கட்டியும் ரொட்டியும் மடித்துக் கொண்டுபோய் அங்கேயே உட்கார்ந்து தின்பார். இன்று போய் நாளை வா என்றால் நாளை போவார். நகரசபைப் பொறியாளர் பிடி கொடுக்காமல் நழுவியபோது, அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து மானோல், கலினா கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார். பேசுவதில் அவரை மிஞ்ச யார் உண்டு? இரண்டு கரையில் இருவரும் கையைத் தூக்கும் இடம் வந்ததும் பொறியாளர் வண்டியை ஓரங்கட்டி, "அப்புறம்?" என்றாராம். "அது எனக்கும் தெரியாது ஐயா, நீங்க பாலம் போட்டாத்தான் தெரியும்" என்றாராம் தலைவர்.

செப்டம்பரில் பாலம் வந்தது. இரும்புச் சட்டம், கருவேலப் பலகை, இரு பக்கமும் இடுப்பளவு கைப்பிடி. குளிர்காலத்துக்கு எடுத்து வைக்க ஊரே மிளகாய் சுடும் பருவம் அது. அன்று சுடுவதைப் பாலத்தடியில் வைத்துக்கொண்டோம். கோடை முடிவில் வற்றிப்போன ஆற்றின் கரையில் நெருப்பு மூட்டி, காரமில்லாத பெரிய சிவப்பு மிளகாயைக் கூடை கூடையாகக் கொட்டினோம். அந்த வாசனைக்கு அடுத்த ஊர்க்காரனும் வந்துவிட்டான். எல்லாரும் ஆளுக்கொரு விறகு கொண்டு வந்திருந்தோம். பொறியாளர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார், அவர் கையிலும் ஒரு விறகு.

அக்கரையிலிருந்து தாஃபினா நடந்து வந்தாள். நல்ல சட்டை, தலையில் பூப்போட்ட துணி, ஒரு கையில் மாவு படிந்த இரண்டாம் பாகம், இன்னொரு கையில் மார்ச் மாதத்து அதே விறகு. பலகை மேல் அவள் காலடி டக் டக் என்று கேட்டது. பாலத்தின் நடுவில் வந்து நின்றாள். புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

"வெள்ளம் வடியற வரைக்கும் ரெண்டு பேரும் நகரல" என்றாள். அக்கரை வரை கேட்கும் அந்தக் குரல் இரண்டு கரைக்கும் கேட்டது. "கூப்பிட்டா காது கேக்கல, தண்ணிச் சத்தம். ராத்திரியில இவன் இங்க நெருப்பு மூட்டினான். அவ அங்க மூட்டினா. இருக்கியான்னு இவன் பார்த்தான், இருக்கேன்னு அங்க எரிஞ்சது. தண்ணி முழங்காலுக்கு இறங்கினதும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இறங்கி நடந்தாங்க. மானோல் முப்பது வருஷமா திட்டணும்னு ஒவ்வொரு வார்த்தையா சேர்த்து வச்சிருந்தான். நடு ஆத்துல அவ முகத்தைக் கிட்டக்கப் பார்த்தான். அத்தனையும் மறந்துபோச்சு. 'சாப்டியா?'ன்னு கேட்டான். 'இல்ல, நீ?'ன்னு அவ கேட்டா. 'இல்ல'ன்னான். அவ்வளவுதான். கதை முடிஞ்சுது."

யாரோ பலமாக மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பார்த்தால் வெலிச்கோ, மேசை விரிப்பு அளவுக் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். "பாவி, இதைச் சொல்ல முப்பது வருஷமா?" என்று தேம்பினார். அதைக் கேட்டதும் இரண்டு கரையும் வெடித்தது. கத்தினோம், தொப்பியை வீசினோம், பலகை அதிர ஆடினோம். பொறியாளர் மட்டும் குனிந்து குனிந்து பாலத்தின் மூட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. என் வாழ்நாளில் அத்தனை பெரிய சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை, கூட்டல் குறைச்சல் இல்லாமல் சொல்கிறேன்.

சத்தம் அடங்கியதும் எவ்தோகியா டீச்சர் பாலத்தின் இந்த முனையிலிருந்து கேட்டார். "தாஃபினா, கையில என்ன?"

"விறகு!" என்றாள். சிரித்தோம்.

"வரிசையில என்ன?"

அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். படித்து முடித்துவிட்டால் வரிசையில் என்ன இருக்கும் என்று அன்று கடையில் அவள் கேட்டது எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் அவள் முகம் மலர்ந்தது. "தெரியல, டீச்சர். முதல் தடவையா எனக்கே தெரியல. அது எவ்வளவு நல்லாருக்கு தெரியுமா! இனிமே எதை வேணும்னாலும் எடுப்பேன்." இறங்கி வந்து விறகை மிளகாய் நெருப்பில் போட்டாள். புத்தகத்தை டீச்சரிடம் கொடுத்தாள். அதைப் படிக்க அங்கேயே வரிசை நின்றுவிட்டது. பொறியாளரின் மனைவி முதல் ஆள்.

எல்லாரும் தட்டும் ரொட்டியுமாக உட்கார்ந்தோம். தாஃபினா சுட்ட ரொட்டி, பஞ்சு மாதிரி. நல்ல நேரம் பார்த்து நான் தொண்டையைச் செருமினேன். "தலைவரே, படிப்பகத்துக் கூரை ரெண்டு வருஷமா ஒழுகுது. அது எப்போ?"

வெலிச்கோ வாயைத் திறந்தார். சட்டென்று மூடினார். அவருடைய விறகு இன்னும் அவர் கையிலேயே இருந்தது. அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, மெதுவாகக் குனிந்து புல் மேல் வைத்தார். நிமிர்ந்து, "மிதோ, அந்தக் காகிதம் இப்போ..." என்று தொடங்கினார்.

தாஃபினா எழுந்து வந்தாள். புல்லிலிருந்த விறகை எடுத்து, மண்ணைத் தட்டி, தலைவர் கையில் திரும்ப வைத்தாள்.

"இப்போ சொல்லுங்க" என்றாள்.